இரண்டாவது எஞ்சினில் யார்?

பச்சை விளக்கு எரிந்தும் நவோமி சாலையைக் கடக்கவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் ஓரத்தில் நின்றபடியே, மாதா சுரூபத்தோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். விளக்கு அணைந்ததும் மறுபடி அழுத்தினார்.

"பதினாலு செகண்டு. போன மாசம் பதினெட்டு. நாலு செகண்ட யாரோ தின்னுட்டானுங்க. தொங்காட் கம்ப ஊனிக்கிட்டு ஒரு கெழவரு வந்தா பாதி ரோட்ல நிப்பாரு. திங்கக்கெழம போன் போட்டுக் கேக்குறேன்."

கேட்பார். அன்றைக்கு அந்த அலுவலகத்தில் போனை எடுக்கப்போகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அவருக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டுக்கொண்டு அடுத்த பச்சைக்காகக் காத்திருந்தேன்.

நவோமிக்கு அறுபத்திரண்டு வயது. ஒட்ட வெட்டிய நரைமுடி. ஆண்கள் போடும் சட்டை. அதன் பையில் மூன்று பென்சில், ஒரு சிவப்பு மைப் பேனா, பாதியாக வெட்டிய அழிப்பான். பட்டர்வொர்த்தில் ரயில் கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். தினமும் ஃபெரியில் போய் ஃபெரியில் வந்தார். எந்த ஃபெரி எந்த நாள் எத்தனை நிமிடம் தாமதம் என்று இன்றைக்கும் சொல்வார். அரைவேக்காட்டு முட்டையைக்கூட ஸ்டாப்வாட்ச் வைத்துத்தான் எடுப்பார். கடைக்காரர் தானாக எடுத்துக் கொடுத்துவிட்டால் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்.

அவர் முன்னால் மூன்று சொற்களை யாரும் உச்சரிக்கக் கூடாது: 'ஏறக்குறைய', 'பார்த்துக்கலாம்', 'பின்னர்'. முதல் சந்திப்பிலேயே, "பத்து மணி போல வர்றேன்" என்று சொல்லி நான் மாட்டிக்கொண்டேன்.

"போலன்னா எத்தன மணி? ஒம்பதே முக்காலா, பத்தே காலா? நடுவுல அர மணி நேரம் இருக்குலா. அந்த அர மணி நேரம் ஒங்க அப்பன் வீட்டுதா?"

எங்கள் பத்திரிகை ஆசிரியர் என்னை அனுப்பியது இதற்காக இல்லை. பினாங்கில் ஒரு நீராவி ரயில் அன்பர் குழு இருக்கிறது. அவர்கள் அடுத்த மாதம் ஓர் உல்லாசப் பயணம் நடத்தப் போகிறார்கள். இரண்டு நீராவி எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையில் நின்று இழுக்கப்போகும் வண்டி. சிரித்த முகமாக, படம் போட்டு நாலு பக்கம் எழுதி வா என்றார் ஆசிரியர். நானும் சிரித்த முகமாகத்தான் போனேன். அங்கே சிரிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நவோமி.

அந்தக் குழுவில் அவருடைய வேலை வண்டிக்கு வழி கண்டுபிடிப்பது. ஒரு பெரிய கட்டம் போட்ட தாள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஊர்ப் பெயர்கள்: பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் தெபால், பாகான் செராய், தைப்பிங், கோலகங்சார். மேலே குறுக்காக மணி, நிமிடம். ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு சாய்ந்த கோடு. மணிக்கு நூற்று நாற்பது போகும் மின்சார ரயிலின் கோடு செங்குத்தாக விழும். நீராவி வண்டியின் கோடு சோம்பலாகச் சாய்ந்து கிடக்கும். வேகமானது மெதுவானதை இடிக்காமல், மெதுவானது எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் ஒதுங்க வேண்டும் என்று இந்தத் தாள்தான் சொல்லும். கணினியில் செய்யலாமே என்று கேட்டேன். "கம்ப்யூட்டரு தப்பு பண்ணா நான் யாரத் திட்டுறது?" என்றார்.

எஞ்சின்கள் எல்லை தாண்டி, சியாமிலிருந்து வருகின்றன. அங்கும் இங்கும் தண்டவாளம் ஒரே அகலம். நீராவி எஞ்சினுக்கு வழியில் தண்ணீர் வேண்டும். பழைய நாளில் எஞ்சினுக்குப் பின்னாலிருக்கும் தொட்டிமேல் ஏறி, மூடியைத் திறந்து, மேலிருந்து ஊற்றினார்கள். இன்றைக்கு அந்தத் தொட்டிக்கு மேலே இருபத்தைந்தாயிரம் வோல்ட் கம்பி ஓடுகிறது. ஏறினவன் இறங்கமாட்டான். குழுவில் இதை யோசித்தவர் நவோமி ஒருவர்தான். பாகான் செராயில் போம்பா தீயணைப்பு லாரியிலிருந்து தரையில் நின்றபடியே குழாயில் ஏற்ற வேண்டும் என்று எழுதினார். எஞ்சின் ஏணிகளைச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைத் தன்னிடம் தர வேண்டும் என்றும் எழுதினார். இதற்கே இரண்டு கூட்டங்களில் சண்டை நடந்திருக்கிறது. ஏணியில் நிற்கிற மாதிரி படம் எடுக்க முடியாதே என்று அன்பர்களுக்கு வருத்தம்.

குழுத் தலைவர் வயிரவனை நீங்கள் பார்த்தால் உங்களுக்குப் பிடித்துவிடும். எனக்கும் பிடித்திருந்தது. பரம்பரையாக வட்டித் தொழில் செய்த செட்டியார் குடும்பம். அவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதில் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல், வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே கோப்பி ஊற்றித் தருவார். குரலை உயர்த்திப் பேசவே மாட்டார். இரட்டை எஞ்சினைச் சின்ன வயதில் ஒருமுறை பார்த்தவர், இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்று நாற்பது வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். யாருடைய மனமும் நோகாமல் இவ்வளவு பெரிய தப்பைச் செய்ய முடியும் என்று நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

தப்பு இதுதான். வயிரவனிடம் ஒரு பழைய சுற்றறிக்கை இருந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு சிறப்பு வண்டி எப்படி ஓடியது என்ற விவரம். தைப்பிங்கைத் தாண்டினால் மலை. அந்த ஏற்றத்துக்காக இரண்டு எஞ்சினும் முழு மூச்சில் இழுக்கும். அதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து, புதிய பயணத் திட்டத்தில் எடுத்து எழுதிவிட்டார். ஊர்ப் பெயர்கள் மாறவில்லை. எனவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் பழைய பாதை மலையைச் சுற்றிச் சுற்றி, சின்னச் சின்னச் சுரங்கங்களில் நுழைந்து வெளியே வந்தது. அந்தப் பாதை இப்போது இல்லை. புதிய பாதை மலையை நேராகக் குடைந்துகொண்டு போகிறது.

"மூச்சப் புடிச்சா வெளிய வந்துரலாம், அது அந்தக் காலத்து டன்னலு," என்று நாசி கண்டார் சோற்றுக்கடையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார் நவோமி. தட்டை ஒதுக்கிவிட்டு, நீளமான கரண்டி ஒன்றை மேசையில் படுக்க வைத்தார். "இது மூணு கிலோமீட்டருக்கு மேல. கரண்டு வண்டிக்குன்னு வெட்டுனது. நம்ம வண்டி பத்துப் பெட்டிய இழுத்துக்கிட்டு ஏத்தத்துல இருபத்தஞ்சுலதான் போகும். எட்டு நிமிஷம். மொத எஞ்சின் விடுற பொகை எங்க போவும்? கூரையில முட்டி, நேரா பின்னால வர்ற எஞ்சினோட கூண்டுக்குள்ள போவும். அந்தக் கூண்டுல ரெண்டு மனுசன் நிக்கிறான். கண்ணாடி கெடையாது, கதவு கெடையாது. அவன் எட்டு நிமிஷம் என்னத்த சுவாசிப்பான், சொல்லுங்க? படம் எடுக்குறவன் எல்லாம் வெளிய நிக்கிறான்லா, நல்ல காத்துல!"

கடையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சத்தம் போட்டதற்காக அல்ல. அந்தப் பயணத் திட்டத்தை முந்தின வாரமே வாங்கிப் படித்து, 'பழைய முறை பிசகாமல்' என்று என் கட்டுரைக்கு முதல் வரியும் எழுதி வைத்திருந்தேன்.

இந்தக் கோபத்துக்கு ஒரு வீட்டுக் கதை உண்டு. அதை நவோமி ஒரே ஒருமுறைதான் சொன்னார். அவருடைய தம்பி டெரன்ஸ் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள், காலியான தொட்டியைச் சுத்தம் செய்ய இரண்டு பேர் உள்ளே இறங்கினார்கள். தொட்டி வாயில் ஒட்டிய தாளில், வெளியே நின்று கவனித்துக்கொள்கிறவர் பெயர் என்று ஒரு கட்டம். அதில் 'பின்னர்' என்று எழுதியிருந்தது. வெளியே யாரும் நிற்கவில்லை. உள்ளே கெட்ட காற்று. ஒருவர் அங்கேயே இறந்தார். டெரன்ஸ் பிழைத்தார். அவரால் மாடி ஏற முடியாது என்பதால்தான் ஆயர் ஈத்தாமில் தரைத்தள வீடு. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். நவோமி அப்போது மட்டும் ஸ்டாப்வாட்சைத் தொடமாட்டார்.

"ஃபாதரு மன்னிச்சுரும்மாங்குறாரு. பேர சொல்லுங்க ஃபாதர், மன்னிக்கிறேன்னேன். பேருதான் இல்லியே. யாரப் போயி மன்னிக்கிறது?"

போன சனிக்கிழமை பிற்பகல் குழு கூடியது. இடம் வயிரவனின் பழைய கடைவீட்டு மாடி. நவோமியின் கையெழுத்து இல்லாமல் திட்டத்தை ரயில்வேக்கு அனுப்ப முடியாது என்பது அதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த விஷயம். அவர் கையெழுத்துப் போட மறுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விளம்பர வேலை பார்க்கும் ஷாஹிரா புதிய சுவரொட்டியை மேசையில் விரித்தார். சுரங்க வாயிலிலிருந்து இரண்டு எஞ்சின்களும் கரும்புகை கக்கிக்கொண்டு பாய்ந்து வருகின்றன. வரைந்த படம்தான். அழகாக இருந்தது என்பதுதான் அதில் கொடுமை.

நவோமி இரண்டு மாற்று வழி எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒன்று, தைப்பிங்கோடு திரும்பிவிடுவது. அதுவரை வயல்வெளி, இரண்டு எஞ்சினும் ஆசை தீரப் புகை விடலாம். இன்னொன்று, தைப்பிங்கில் ஒரு டீசல் எஞ்சினை முன்னால் கோத்து, நீராவி எஞ்சின்களின் தீயைத் தணித்து, சுரங்கத்தை அமைதியாகத் தாண்டுவது.

வயிரவன் கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "டீசல் முன்னால நின்னா படத்துல விழுமேம்மா. தைப்பிங்லேர்ந்து திரும்புறதுன்னா எஞ்சின் பின்பக்கமா ஓடணும். அதப் பாக்கவா சனங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்க? அந்தக் காலத்துல ஏத்தலியா? கோவப்படாதீங்க, பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம்! அறையில் நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாதாரண நாளில் நவோமி அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் அண்ணே மறைந்து 'சேர்மன்' வந்துவிடும்.

"சேர்மன், எட்டு நிமிஷம்னா எவ்ளோ நேரம்னு தெரியுமா ஒங்களுக்கு? தெரியாது. யாருக்கும் தெரியாது. எல்லாரும் கோப்பிய கீழ வைங்க. பேசக் கூடாது, போனத் தொடக் கூடாது. சும்மா உக்காருங்க." ஸ்டாப்வாட்சை அழுத்தி மேசை நடுவில் வைத்தார்.

முதல் நிமிடம் எல்லோரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரயில் வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருக்கும் சுப்பையா, பிறைக்காரர், நாற்பது வயசு, விளையாட்டாக மூக்கைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது எஞ்சினில் தீ போடப்போகிறவர் அவர்தான் என்று பேச்சு. அதற்காக மூன்று மாதமாக லீவு போட்டுப் பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறார். முகம் சிவந்து, 'ஹா' என்று மூச்சை விட்டார். நவோமி சிரிக்கவில்லை. தாளில் '41' என்று எழுதி அவர் பக்கம் நகர்த்தினார். நாற்பத்தொரு விநாடி.

மூன்றாவது நிமிடத்தில் மின்விசிறி சத்தம் பெரிதாகக் கேட்டது. நான்காவதில் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. ஷாஹிரா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு சுவரொட்டியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். என் முதுகு வியர்த்தது. ஐந்தாவது நிமிடத்தில், இன்னும் மூன்று இருக்கிறதா என்று எனக்கே கோபம் வந்தது. நல்ல நாற்காலி, திறந்த ஜன்னல், தாராளமான காற்று. அதிலேயே இந்தக் கதி.

ஆறாவது நிமிடத்தில் வயிரவன் கையைத் தூக்கினார். "போதும்மா. புரிஞ்சுது."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. டன்னலுக்குள்ள போதும்னு சொன்னா யாரு வந்து கதவத் தொறப்பா?"

எட்டு முடிந்தது. ஸ்டாப்வாட்சை நவோமி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். யாரும் கோப்பியைத் தொடவில்லை. "அங்கிள், நான் போஸ்டர மாத்திடவா?" என்று ஷாஹிரா மெல்லக் கேட்டார். இனி வயிரவன் மனம் மாறிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வயிரவன் இழுப்பறையைத் திறந்தார். திட்டத்தின் கோப்பு ஒன்றை எடுத்து, அதே அன்போடு, நவோமியின் முன் வைத்தார். "ஒங்கள சங்கடப்படுத்த வேணாம்னுதான். கோலாலம்பூர்ல நமக்குத் தெரிஞ்ச ரிட்டையர்ட் இன்ஜினியர் ஒருத்தரு இருக்காரு. அவரு பாத்து சைன் பண்ணிட்டாரு. நீங்க போடலன்னாலும் பரவால்ல. திங்கக்கெழம அனுப்பிடலாம். தப்பா நெனைக்காதீங்க."

கோப்பில் தேதி இருந்தது. பதினோரு நாளுக்கு முந்தைய தேதி. எட்டு நிமிடமும் அந்தக் கையெழுத்தை இழுப்பறையில் வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் எங்களோடு உட்கார்ந்திருந்தார். எனக்குக் காது சூடேறிவிட்டது. அவர் ஊற்றிக் கொடுத்த கோப்பியைத் தள்ளி வைத்தேன். அதைவிடப் பெரிதாக எதுவும் செய்யத் துணிவில்லை.

நவோமி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கத்தையும் முதலிலிருந்து படித்தார். தண்ணீர், ஏணிச் சங்கிலி, ஒதுங்கும் நிலையங்கள் எல்லாம் அவர் எழுதியவை, அப்படியே இருந்தன. நாலாவது பக்கத்தில் விரல் நின்றது. எஞ்சின் கூண்டுகளில் நிற்பவர்களின் பட்டியல். முதல் எஞ்சினுக்கு இரண்டு பெயர். இரண்டாவது எஞ்சினுக்கு நேராக: 'பெயர் பின்னர்.' அதற்குக் கீழே, இன்னொரு முறை: 'பெயர் பின்னர்.'

"என் பேரப் போடுங்கக்கா," என்றார் சுப்பையா. மூன்று மாத லீவு அவர் குரலில் இருந்தது. "நான் துண்ட நனைச்சுக் கட்டிக்கிறேன். ஒரு தடவதானே."

"வீட்டுல ஒன் பொண்டாட்டி உமா இருக்குல்ல? அதுகிட்ட சொல்லிட்டியா, எட்டு நிமிஷம்னு?"

 சுப்பையா மேசையில் கிடந்த '41' என்ற தாளை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

நவோமி பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். இரண்டாவது எஞ்சினின் முதல் கட்டத்தில் இருந்த 'பெயர் பின்னர்' என்பதை அளவுகோல் வைத்து அடித்தார். அதற்கு மேலே, கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தொரு வருடம் எழுதிய அதே நேரான எழுத்தில், நிதானமாக எழுதினார்: வயிரவன், குழுத் தலைவர். பக்கத்தில் கையொப்பத்துக்கு ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோப்பை வயிரவன் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினார். இடது கைப் பெருவிரல் ஸ்டாப்வாட்சை அழுத்தியது.